வெள்ளவத்தையில் வெயில், கொட்டாஞ்சேனையில் மழை: வானிலை அறிக்கையை எப்படி வாசிப்பது?

ஒக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணி போலக் கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியம்மா அழைத்தார். "இங்க வானமே பிளந்த மாதிரிக் கொட்டுது. உடுப்பெல்லாம் உள்ளுக்கு எடுத்தாச்சோ?" வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த சேலைகள் காய்ந்து விறைத்துப் போயிருந்தன. இரண்டு வீட்டுக்கும் இடையில் நேர்கோட்டில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர்தான்.

அப்பா வழக்கம்போலத் தீர்ப்பு வழங்கினார். "மேல் மாகாணத்தில மழை எண்டு காலமை ரேடியோவில சொன்னவங்கள். எங்க மழை? இவங்கள் சொன்னால் அதுக்கு எதிராத்தான் நடக்கும்." பெரியம்மாவைக் கேட்டால் அதே அறிவித்தலைத் துல்லியமென்று சொல்லியிருப்பார். ஒரே அறிக்கை, ஒரே நகரம். ஒரு வீட்டில் அது பொய், இன்னொரு வீட்டில் மெய்.

வானிலையைப் பற்றி நாம் எல்லோருமே பேசுகிறோம். ஆனால் அந்த அறிக்கை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. "என் தலையில் மழை விழுமா?" என்பது நம்முடைய கேள்வி. "இன்று இந்தப் பிரதேசத்துக் காற்று மழை பெய்யும் நிலையில் இருக்கிறதா?" என்பது அவர்களுடைய கேள்வி. முதலாவதற்கான பதிலை இரண்டாவதில் தேடுவதால்தான் திட்டு விழுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் விசித்திர முகில் படங்களிலும் இதே குழப்பம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பொங்கல் பானை எந்தப் பக்கம் வழியும்?

தைப்பொங்கலன்று பானையைச் சுற்றி நிற்கும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பானை பொங்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இன்னும் எவ்வளவு நேரத்தில் பொங்கும் என்று அம்மா அடுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். எந்தப் பக்கம் முதலில் வழியும் என்பதுதான் தெரியாது. அது தெரியாததால்தானே அதை வைத்துச் சகுனம் பார்க்கிறோம்.

கொழும்பின் பின்னேர மழையும் இப்படித்தான். காலையில் வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது. நிலம் தனக்கு மேலேயுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசானது, எனவே மேலே எழும்புகிறது. சூடான காற்று இப்படிக் குமிழ் குமிழாக மேலெழுவதைப் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகங்கள் 'மேற்காவுகை' என்கின்றன. பானைக்குள் நடப்பதும் அதேதான்.

மேலே போகப் போகச் சுற்றியுள்ள அமுக்கம் குறைகிறது. அதனால் அந்தக் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதன் தலைகீழ் இது: அழுத்தினால் சூடு, விரிந்தால் குளிர். குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள நீராவி முழுவதையும் வைத்திருக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தல் மேசையில் வியர்க்கிறதல்லவா, அதுபோல நீராவி சின்னத் துளிகளாக மாறுகிறது. இதற்கு 'ஒடுங்கல்' என்று பெயர். அந்தத் துளிகளின் கூட்டம்தான் முகில்.

பலருக்கும் தெரியாத கட்டம் இனித்தான் வருகிறது. தண்ணீரை ஆவியாக்க வெப்பம் தேவை என்பது தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைத்த எல்லோருக்கும் தெரியும். ஆவி திரும்பவும் தண்ணீராகும்போது அந்த வெப்பம் வெளியே வருகிறது. எனவே முகிலுக்குள் ஒடுங்கல் நடக்க நடக்க உள்ளிருக்கும் காற்று சூடாகி இன்னும் வேகமாக எழும்புகிறது. முகில் தனக்குத் தானே அடுப்பு மூட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். பன்னிரண்டு மணிக்குப் பஞ்சுப் பொதி போல இருந்தது மூன்று மணிக்குக் கோபுரமாகிவிடும். எங்களைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் இந்தக் கோபுரத்தின் உச்சி 15 கிலோமீற்றரையும் தாண்டுவதுண்டு. பயணிகள் விமானம் வழமையாகப் பறக்கும் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தையும் விட அது மேலே.

உயரம் இவ்வளவு இருந்தாலும் அகலம் சில கிலோமீற்றர்தான். தனிக் கோபுரம் ஒன்றின் ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். 8 கிலோமீற்றர் இடைவெளியில் பெரியம்மா வீட்டில் கொட்டியதும் எங்கள் வீட்டில் காய்ந்ததும் இதனால்தான். பானை கொட்டாஞ்சேனைப் பக்கம் வழிந்தது, அவ்வளவுதான்.

கடற்காற்றும் அந்தி மழையும்

கொழும்புக்கென்று ஒரு தனிக் கதையும் உண்டு. கடல் நிலத்தைப் போல வேகமாகச் சூடாவதில்லை. முற்பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இந்தக் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்நாட்டுக்குள் போகிறது. அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கம் மலையடிவாரங்களில் அது மேலே தள்ளப்படுகிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பெரிய பருவக்காற்று எதுவும் ஓங்கி வீசுவதில்லை. அதனால் இந்த நாடகம் தடையின்றி நடக்கும். இடிமுகில்கள் முதலில் உள்நாட்டில் எழும்பும். மேலேயுள்ள காற்று கிழக்கிலிருந்து வீசினால் அவை பின்னேரத்தில் மெல்ல மெல்லக் கரையை நோக்கி நகர்ந்து வரும். அலுவலகம் விட்டு எல்லோரும் காலி வீதியில் நிற்கும் நேரமாகப் பார்த்து மழை பிடிப்பதன் இரகசியம் இதுதான்.

"அந்தி மழை அழுதாலும் விடாது" என்பார்கள். நான் இதை வெறும் எதுகை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதற்குள் நல்ல கவனிப்பு இருக்கிறது. கோபுரம் எழும்பும்போது கொட்டுவது கனமழை. அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். கோபுரங்கள் தளர்ந்து சரிந்த பிறகு, உச்சியில் பரந்து கிடக்கும் முகில் விரிப்பிலிருந்து சிணுங்கல் மழை மணிக்கணக்கில் விழும். பல கோபுரங்கள் வரிசையாக வந்து ஓய்ந்த அந்தி நேரத்தில் நமக்குக் கிடைப்பது அந்த விரிப்பின் மழை. அழுதாலும் விடாதது அதுதான்.

சரி, இதுவரை சொன்னதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சூடான ஈரக்காற்று எழும்புகிறது, குளிர்கிறது, துளியாகிறது. துளியாகும்போது வெளிவரும் வெப்பம் அதை மேலும் தள்ளுகிறது. இது நடக்குமா, ஏறத்தாழ எத்தனை மணிக்கு நடக்கும் என்பதைக் காலையிலேயே சொல்லலாம். எந்த ஒழுங்கைக்கு மேலே நடக்கும் என்பதைச் சொல்ல முடியாது.

அறிவித்தலின் சொற்கள்

பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் வளிமண்டலவியல் திணைக்களம் 1907இல் கொழும்பு அவதான நிலையமாகத் தொடங்கியது. அதன் அறிவித்தல்களின் தமிழ் நமக்கெல்லாம் மனப்பாடம். "பல இடங்களில் பி.ப. 2.00 மணிக்குப் பின்னர் மழை அல்லது இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடிய சாத்தியம் காணப்படுகின்றது." வாசிப்பவர் மூச்சு விடாமல் சொல்லி முடிக்க, நாங்கள் "மழையாம்" என்று ஒரே சொல்லில் சுருக்கிக்கொள்கிறோம். இழப்பு அங்கேதான் நேர்கிறது. அந்த நீண்ட வசனத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது.

'பல இடங்களில்', 'சில இடங்களில்' என்பவை பரப்பைச் சொல்கின்றன. 'பி.ப. 2.00 மணிக்குப் பின்னர்' என்றால் மழைக்குக் காரணம் வெயிலும் கடற்காற்றும்தான் என்று நீங்களே ஊகிக்கலாம். 'சில தடவைகள் மழை' என்று நேரம் சொல்லாமல் வந்தால், பெரும்பாலும் பருவக்காற்று கொண்டுவரும் மழை. அது விடியற்காலையிலும் வரலாம். 'இடியுடன் கூடிய' என்ற சொல் இருந்தால் முகில் கோபுரமாக எழும்பும் நாள் அது.

அப்புறம் மில்லிமீற்றர். '100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை' என்பதைக் கேட்டு, நூறு மில்லிமீற்றர் என்றால் பத்துச் சென்றிமீற்றர்தானே, ஒரு சாண் கூட இல்லையே என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சதுர மீற்றர் இடத்தில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது சரியாக 1 லீற்றர் தண்ணீர். 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உள்ள ஒரு கூரையில் 100 மில்லிமீற்றர் விழுந்தால் 10,000 லீற்றர். மொட்டைமாடியில் வைக்கிறோமே 1,000 லீற்றர் தாங்கி, அதில் பத்து. ஒரு கூரைக்கே அவ்வளவு என்றால் பம்பலப்பிட்டியின் கூரைகள், தார் வீதிகள், கொங்கிறீற்று முற்றங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 1992 ஜூன் 4ஆம் திகதிக் கணக்கில் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பதிவானது. கொழும்பின் ஒரு வருடத்துச் சராசரி மழையே ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர்தான். வருடத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில்.

இந்த அளவெல்லாம் மழைமானி என்ற சின்னக் குவளையில் விழுந்த மழையின் அளவு என்பதும் நினைவிருக்கட்டும். அதன் வாய் ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலம்தான் இருக்கும். காலை 8.30 மணிக்கு அளந்து முந்தைய 24 மணித்தியாலத்துக் கணக்கை எழுதுகிறார்கள். கொழும்பு, இரத்மலானை, கட்டுநாயக்க என்று மூன்று எண்கள் வரும். மூன்றும் சில நாட்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். கொட்டாஞ்சேனைக் கதையின் உத்தியோகபூர்வ வடிவம் அது.

60 சதவீதம் என்றால்?

திணைக்களத்தின் வசனத்தை விடக் கைப்பேசிச் செயலியில் வரும் சதவீதக் கணக்கை நம்புகிறவர்கள் இப்போது அதிகம். '60%' என்பதைப் பார்த்ததும் நாளின் 60 சதவீத நேரம் பெய்யும் என்கிறார் ஒருவர். நகரத்தின் 60 சதவீத இடத்தில் பெய்யும் என்கிறார் இன்னொருவர். 90% என்றால் பலத்த மழை, 30% என்றால் தூறல் என்று நினைப்பவர்களும் ஏராளம்.

அதன் பொருள் எளிது. காற்றும் ஈரமும் இன்று இருப்பதுபோல அமைந்த பத்து நாட்களை எடுத்தால், அதில் ஆறு நாட்களில் நீங்கள் நிற்கும் இடத்தில் மழை விழும். அவ்வளவுதான். எவ்வளவு நேரம், எவ்வளவு பலம் என்பதைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை.

எனவே 30% என்று போட்ட நாளில் நனைந்துவிட்டால் செயலி பொய் சொல்லிவிட்டது என்று ஆகாது. மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை அரைச்சதம் அடிக்கும் துடுப்பாட்டக்காரர் இன்று அடித்துவிட்டால் அவருடைய பழைய கணக்கு பிழை என்று யாராவது சொல்வோமா? 30% என்று போட்ட பல நாட்களைச் சேர்த்துப் பார்த்து, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாட்களில் மழை பெய்ததா என்று பார்ப்பதுதான் நியாயமான பரீட்சை. அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப எந்த நாளும் அவங்கள் சரியோ?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். 30% போட்ட நாட்களில் பாதிக்கு மேல் தொடர்ந்து பெய்துகொண்டே இருந்தால், அப்போது பிழை அவர்களுடையது.

ஏழு நாள் முன்னறிவிப்பு: ரயிலும் ஆட்டோவும்

மாத்தறையிலிருந்து கரையோரப் பாதையில் ரயில் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்தால், வெள்ளவத்தைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஏறத்தாழச் சொல்லலாம். பிந்தலாம், ஆனால் தண்டவாளத்தை விட்டுப் போகாது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் உங்கள் ஒழுங்கை வாசலில் வெறும் ஆட்டோ ஒன்று நிற்குமா என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

வானத்திலும் ரயில்கள் உண்டு, ஆட்டோக்கள் உண்டு. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம் ஒரு ரயில். தாழமுக்கம் என்பது சுற்றியுள்ள பகுதியை விடக் காற்றமுக்கம் குறைந்த பெரிய பரப்பு. நாலாபக்கத்திலிருந்தும் காற்றும் ஈரமும் அதை நோக்கிச் சுழன்று வரும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமும் பல நாள் ஆயுளும் கொண்டது. அதனால் சில நாள் முன்பே அதன் வருகை தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பதும் தளர்வதும் இதே வகை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கமெல்லாம் மூழ்கியதே, அது பிறகு ரோனு புயலாக மாறிய ஒரு தாழமுக்கம் இலங்கையின் அருகில் மெதுவாக நகர்ந்தபோது பெய்த மழை. அந்த வெள்ளத்தில் பெரும்பகுதி கொழும்பு வானத்திலிருந்து விழுந்த தண்ணீரே இல்லை. மேலே மலைகளில் விழுந்து ஆற்றோடு இறங்கி வந்தது. கொழும்பில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே, களனி கங்கையை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் ஏறுவது இதனால்தான்.

ஆட்டோ யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒக்டோபர் பின்னேரத்து இடிமுகில்தான்.

எனவே வாராந்த முன்னறிவிப்பில் இரண்டு வகைச் செய்திகள் கலந்திருக்கின்றன. 'வியாழன் முதல் மேற்குக் கரையில் மழை அதிகரிக்கும்' என்பது ரயில் செய்தி, அதை நம்பித் திட்டம் போடலாம். 'அடுத்த புதன் பி.ப. 4 மணிக்கு வெள்ளவத்தையில் இடி' என்று செயலி காட்டுவது ஆட்டோச் செய்தி. அதைப் பார்த்துக் கலியாண வரவேற்பை இடம் மாற்றாதீர்கள்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1961இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி கணினியில் ஒரு சிறிய வானிலைக் கணக்கை ஓடவிட்டார். அதே கணக்கை மறுபடியும் இடையிலிருந்து ஓட்ட விரும்பி, முன்பு அச்சான எண்ணைப் பார்த்துத் தட்டினார். கணினியின் நினைவில் இருந்தது 0.506127. தாளில் அச்சாகியிருந்தது 0.506. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வித்தியாசம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு கணக்கும் கொஞ்ச நேரம் ஒன்றாகப் போய், பிறகு முற்றிலும் வேறு வேறு வானிலையைக் காட்டிக்கொண்டிருந்தன. (அவர் குடித்தது கோப்பி என்கிறார்கள். அதை நாங்கள் தேத்தண்ணியாக்கிக்கொள்வோம்.) தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய பிழை நாட்கள் போகப் போகப் பெருத்துவிடும். பூமியின் ஒவ்வொரு மூலையிலும் காற்றை ஒரு பிழையும் இல்லாமல் அளப்பது யாராலும் ஆகாத காரியம். எனவே இந்தப் பெருக்கத்தை நிறுத்தவும் முடியாது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி, ஒரு பானைக்குப் பதில் ஐம்பது பானை வைப்பது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு நிலையம் ஒரே நேரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட கணக்குகளை, தொடக்க எண்களைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டுகிறது. இதைக் 'குழும முன்னறிவிப்பு' என்று சொல்லலாம். ஐம்பதில் நாற்பது மழை காட்டினால் 80 சதவீதம். ஐம்பதும் ஐம்பது விதமாகச் சொன்னால், அந்த நாளைப் பற்றி இப்போது வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை.

இன்னொன்று. இந்தக் கணினிகள் பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. அந்த ஐரோப்பிய நிலையத்தின் உலக அளவிலான கணக்கில் ஒரு சதுரம் பக்கத்துக்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர், அதாவது 81 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபை எல்லை முழுவதும் 37 சதுர கிலோமீற்றர்தான். மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தை வரை கணினிக்குக் கிட்டத்தட்ட ஒரு புள்ளி, ஒரு எண். செயலியில் நீங்கள் 'வெள்ளவத்தை' என்று தேடினால் அது வெள்ளவத்தை என்று பெயர் போட்டுத் தரும், அது வேறு விடயம்.

ஏப்ரலில் செயலியைத் திறந்தால் ஏழு நாளும் இடிமின்னல் படமாகவே வரிசையாக நிற்பதும் இதனால்தான். ஏழு நாளும் பானை அடுப்பில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் ஏழு நாளும் சூரியன் படம் வந்தால் ஓரளவு நம்பலாம். வடகீழ்க் காற்று தன் ஈரத்தைக் கிழக்கிலும் மலைநாட்டிலும் இறக்கி வைத்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பெரிய அமைப்புகளைச் சில நாள் முன்பே காணலாம், சிறிய முகில்களைச் சில மணித்தியாலம் முன்புதான் காணலாம். முதல் இரண்டு மூன்று நாட்களை விவரமாக வாசியுங்கள். நாலாம் நாளுக்குப் பிறகு திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மழை கூடுகிறதா, குறைகிறதா?

முகிலுக்குப் பெயர் வைத்த மருந்து வியாபாரி

1802 வரை முகிலுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட பெயர்கள் இருக்கவில்லை. அந்த வருடம் லண்டனில் லூக் ஹோவார்ட் என்ற மருந்து தயாரிப்பவர், முகில்களை வடிவத்தை வைத்துப் பிரித்து இலத்தீன் பெயர்கள் வைத்தார். தமிழில் அவற்றைக் கீற்று முகில், திரள் முகில், படை முகில் என்கிறோம். கீற்று என்றால் உயரத்தில் தென்னோலை நார் போல இழுபடுவது, பனிக்கட்டித் துணுக்குகளால் ஆனது. திரள் என்றால் பஞ்சுப் பொதி. படை என்றால் போர்வை போல மூடுவது. மழை தரும் முகிலுக்குக் கார்முகில் என்பதைச் சேர்த்துக்கொண்டால் இடிமழை கொண்டுவரும் கோபுரத்தின் பெயர் தானாக வந்துவிடும்: திரள் கார்முகில். இன்று உலக வானிலை அமைப்பின் முகில் பட்டியலில் பத்து அடிப்படை வகைகள் இருக்கின்றன. பத்தும் தெரிய வேண்டும் என்றில்லை.

விசித்திர முகில்களும் வாட்ஸ்அப்பும்

குடும்பக் குழுக்களில் வரும் படங்களில் பயம் அதிகம் கிளப்புவது காலிமுகத்திடலில் எடுத்த மாதிரியான படம்தான். கடலுக்கு மேலே கன்னங்கரேலென்று ஒரு நீண்ட தட்டு, கரையை நோக்கி வருகிறது. கீழே "சுனாமி முகில், உடனே பகிரவும்" என்று எழுதியிருக்கும். அதன் பெயர் தட்டு முகில், அலுமாரித் தட்டுப் போலத் தாய் முகிலிலிருந்து முன்னே நீட்டிக்கொண்டிருப்பதால். ஒரு வாளித் தண்ணீரைச் சீமெந்துத் தரையில் ஊற்றினால் எல்லாப் பக்கமும் பரவி ஓடுமே, மழையோடு கீழே விழும் குளிர்ந்த காற்றும் அப்படித்தான் நிலத்தில் மோதிப் பரவி ஓடுகிறது. மழைக்குச் சற்று முன் முகத்தில் அடிக்கும் அந்தச் சில்லென்ற காற்று இதுதான். அது முன்னாலுள்ள சூடான ஈரக்காற்றின் அடியில் ஆப்புப் போல நுழைந்து அதை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட காற்று குளிர்ந்து தட்டாகிறது. எனவே தட்டைக் கண்டால் சில நிமிடங்களில் பலத்த காற்று வரும், பின்னால் மழை வரும். இஸ்ஸோ வடை வாங்கிய கையோடு கூரைக்குக் கீழே ஒதுங்குங்கள். சுனாமிக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் வருவது, அதை வானத்தில் வாசிக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது தொப்பி முகில். வேகமாக வளரும் கோபுரத்தின் தலையில் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தியது போல இருக்கும். சில நேரம் அதில் வானவில் நிறங்கள் ஓடும், இளஞ்சிவப்பும் பச்சையும். "கடவுளின் வாசல் திறந்தது" என்று தலைப்புப் போட்டுப் பகிர்வார்கள். கோபுரம் மேலெழும்போது தனக்கு மேலுள்ள ஈரமான காற்றுப் படையை முட்டித் தள்ளுகிறது. அந்தப் படை சட்டென்று குளிர்ந்து, ஏறத்தாழ ஒரே அளவான மிகச் சிறிய துளிகளாகிறது. ஒரே அளவுத் துளிகளைச் சூரிய ஒளி சுற்றி வளைந்து போகும்போது நிறங்கள் பிரிந்து தெரிகின்றன. தொப்பி சில நிமிடங்களே இருக்கும். அழகை ரசியுங்கள், படமும் எடுங்கள். ஆனால் கீழே இருக்கும் கோபுரம் இந்த நிமிடம் வேகமாக வளர்கிறது என்பதற்கு அது சாட்சி.

சூரியனையோ நிலாவையோ சுற்றி வரும் வட்டமும் அடிக்கடி செய்தியாகிறது. உயரத்திலுள்ள மெல்லிய முகிலில் ஆறுபக்கப் பனித்துணுக்குகள் ஒளியை 22 பாகை வளைப்பதால் வருவது. கையை முழுதாக நீட்டி விரல்களை விரித்துப் பிடியுங்கள். பெருவிரல் நுனி நிலாவில் இருந்தால் சின்னவிரல் நுனி வட்டத்தைத் தொடும், சரியாக ஒரு சாண். சூரியன் என்றால் அதை ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டுப் பாருங்கள், நேரே பார்க்கக் கூடாது. "அகல வட்டம் பகலே மழை" என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பனி விரிப்பு தூரத்து இடிமுகில்களின் உச்சியிலிருந்தோ ஒரு தாழமுக்கத்தின் விளிம்பிலிருந்தோ வந்திருக்கலாம். அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை வட்டம் சொல்லாது.

ஓட்டை முகில் அரிது. சிறு சிறு உருண்டைகளாகப் பரந்த முகில் விரிப்பின் நடுவில் யாரோ கத்தரியால் வெட்டியது போல ஒரு வட்டத் துளை இருக்கும். 'வேற்றுக்கிரகவாசி' என்ற சொல் நிச்சயம் வரும். நீர்த்துளி 0 பாகையில் உடனே உறைந்துவிடும் என்பது நம் எண்ணம். உண்மையில் முகிலில் உள்ள துளிகள் 0 பாகைக்குக் கீழே 15, 20 பாகை வரை கூட உறையாமல் தண்ணீராகவே இருக்கலாம். அந்த விரிப்பை ஒரு விமானம் துளைத்துப் போனால், இறக்கையைச் சுற்றிக் காற்று விரிந்து மேலும் குளிர, சில துளிகள் உறைந்துவிடும். உறைந்த துணுக்குகள் அக்கம்பக்கத்து ஈரத்தை இழுத்துப் பெருத்துக் கீழே விழும். துளிகள் இழந்த இடம் ஓட்டையாகும். வேற்றுக்கிரகவாசி பெரும்பாலும் சாதாரண வகுப்பு ஆசனத்தில் இருந்து சோறும் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசுவின் மடி போல உருண்டை உருண்டையாகக் கீழே தொங்குவது மடி முகில். இடிமுகிலின் விரிந்த உச்சிக்கு அடியில் வரும், பார்க்கப் பயங்கரம், பெரும்பாலும் அது தெரியும் நேரத்தில் கடும் பகுதி கடந்துவிட்டிருக்கும். தனியாக உருண்டு வரும் குழாய் போன்றது உருளை முகில். கலங்கிய கடலைக் கீழிருந்து பார்ப்பது போல இருப்பதற்கு இலத்தீனில் 'கரடு' என்று பொருள்படும் பெயர். இந்தக் கரடு முகிலும் உருளை முகிலும் 2017இல்தான் உலக முகில் பட்டியலில் தனிப்பெயரோடு ஏறின. கரடு முகிலுக்குப் பெயர் கிடைக்கக் காரணம் சாதாரண மக்கள் எடுத்து அனுப்பிய படங்கள். ஆக, வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது.

எந்தப் பக்கம் பார்ப்பது?

மழை கடலிலிருந்துதான் வரும் என்ற எண்ணத்தில் கொழும்பில் எல்லோரும் மேற்கைப் பார்க்கிறோம். மே முதல் செப்டம்பர் வரை அது சரி. தென்மேற்குக் காற்றோடு வரும் மழை கடற்பக்கம்தான் முதலில் கறுக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் திரும்பி நின்று கிழக்கைப் பாருங்கள். இரண்டு மணி போல மகரகம, அவிசாவளைத் திசையில் கோவா பூப் போலத் திரண்ட வெள்ளைக் கோபுரம் தெரிகிறதா என்று கவனியுங்கள். அதன் உச்சி கூராகவும் மொறுமொறுப்பாகவும் இருந்தால் இன்னும் வளர்கிறது. உச்சி தட்டையாகிப் பக்கவாட்டில் நாராய் இழுபட்டால் அது முதிர்ந்துவிட்டது, அடியில் எங்கோ கொட்டிக்கொண்டிருக்கிறது.

மின்னல் தெரிந்தால் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்களுக்குப் பக்கத்தில் விழ அந்தத் தூரம் போதும். மொட்டைமாடியை விட்டு இறங்கி, கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வரை உள்ளேயே இருங்கள். வெள்ளவத்தையில் மழை விழத் தொடங்கவில்லை என்பது இதற்குக் கணக்கில்லை. கொட்டாஞ்சேனையில் கொட்டும் முகிலின் மின்னல் வெள்ளவத்தைக்கும் எட்டும்.

அந்த ஒக்டோபர்ச் சனிக்கிழமை, பெரியம்மாவின் அழைப்புக்குப் பிறகு அம்மா ஒன்றும் பேசாமல் மேலே போய் உடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்தரைக்கு எங்கள் பக்கமும் சிணுங்கத் தொடங்கியது. அப்பா யன்னலடியில் நின்று பார்த்துவிட்டு, "இது அவங்கள் சொன்ன மழை இல்லை" என்றார்.